தோனூசாவில் இறங்க வேண்டியவர்கள்

கப்பல் எங்கள் கிரேக்கத் தீவான நக்சோஸின் துறையைத் தாண்டியதுமே என் கணவர் பாந்தெலிஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. மடியில் பெரிய பாலாடைக்கட்டி வட்டு ஒன்று. அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தார். உருளைக்கிழங்கு போட்டே வாழ்ந்த மனிதர், காலுக்குக் கீழே எதுவும் ஆடக் கூடாது அவருக்கு. ஆகஸ்ட் மாத வடகாற்று கடலை வெள்ளை வெள்ளையாகப் புரட்டிக்கொண்டிருந்தது. எதிர் வரிசைப் பெண் பையில் வாந்தி எடுத்தாள். இவர் அந்தப் பக்கமே திரும்பாமல் என் தோளில் சாய்ந்துகொண்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. வியாழக்கிழமை கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. அன்றைக்கும் கப்பல் இருந்தது. "வாய்யா, போயிடலாம்" என்று கெஞ்சினேன். கேட்டால்தானே!

எல்லாம் ஒரு பேருக்காக. எங்கள் மகன் லெஃப்தேரிஸ் சின்னத் தீவான தோனூசாவில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டான். தலைப்பிள்ளை ஆண். எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் அப்பாவைப் பெற்றவர் பேர்தான், இதில் யாரும் யாரையும் கேட்பதில்லை. பாதிரியார் எண்ணெய் பூசித் தண்ணீரில் முக்கி எடுக்கிற வரைக்கும் பிள்ளைக்குப் பேரே கிடையாது, வெறும் 'குட்டி'தான். குட்டி பாந்தெலிஸ் வரப்போகிறான் என்று இவர் காப்பிக்கடையில் எல்லோருக்கும் முன்கூட்டியே சாராயம் ஊற்றிக் கொடுத்தாயிற்று. ஈஸ்டருக்கு வந்த மகன், தட்டில் ஆட்டிறைச்சி ஆறிக்கொண்டிருக்க, மெல்ல ஆரம்பித்தான். மருமகள் அர்கிரோவின் அப்பா யாகூமிஸ், பிள்ளை பிறப்பதற்கு முந்தைய குளிர்காலத்தில் வலை எடுக்கப் போனவர் திரும்பவில்லை. படகு மட்டும்தான் கிடைத்தது. அர்கிரோவுக்கோ பிரசவமே பெரும்பாடு, இன்னொரு பிள்ளை கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் இவனுக்கே யாகூமிஸ் என்று வைக்கலாமா என்று கேட்டான்.

"ஓஹோ. நான் இன்னும் சாகலை, அதான் குறை, இல்ல?" என்றார் இவர், வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது. "வைங்கடா, நல்லா வைங்க. அந்தத் தீவுப் பக்கம் நான் காலெடுத்து வைக்கமாட்டேன்."

அர்கிரோ கையிலிருந்த ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். 

அதோடு கோடை முழுவதும் இவர் பேர்ப் பேச்சையே எடுக்கவில்லை. இன்று ஞாயிறு, ஞானஸ்நானம். காலையில் பார்த்தால் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "என்ன பாக்குற கலியோப்பி? கிளம்பு." வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வாயைத் திறந்தால் மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து செருப்பைத் தேடினேன். வருகிறோம் என்று மட்டும் மகனுக்குப் போனில் சொன்னேன். கப்பல் போகும், இந்தக் காற்றில் தோனூசாவில் கட்டுவார்களா என்பது அங்கே போனால்தான் தெரியும் என்றார் சீட்டுக் கொடுத்தவர்.

பாதி வழியில், கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"எனக்குக் கல்லறை மேட்டுல எங்கப்பன் பக்கத்துல எடம் இருக்கு. நீ வந்து விளக்கு ஏத்துவ. கடலோட போன அந்த மனுஷனுக்கு என்ன இருக்கு? ஒரு கல்லு இருக்கா? அந்தப் பொண்ணு எங்க போயி அழும்?"

"இது இப்பதான் தெரிஞ்சுதா உனக்கு?"

"ஈஸ்டர் அன்னிக்கே தெரியும். அதான் அவ்வளவு கோவம்." பாலாடைக்கட்டியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "யாகூமிஸ்னே வைக்கட்டும்" என்றார்.

 இந்த மனிதரைத்தான் நான் கட்டிக்கொண்டேன் என்று ரொம்ப நாளைக்குப் பிறகு தோன்றியது. உடனே போனைப் போட்டுச் சொல்லச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதைப் போயி போன்லயா சொல்லுவாங்க? நாலு பேர் முன்னால வச்சு மாட்டேன்னேன். நாலு பேர் முன்னால நின்னு சரின்னு சொல்றேன். பிள்ளையை ஏந்தி நிக்கிற ஞானத்தாய்கிட்ட பாதிரியார் பேரு கேப்பாருல்ல, அதுக்கு முன்னால நான் எந்திரிச்சு சொல்லணும். நீ முந்திரிக்கொட்டை மாதிரி உளறி வைக்காத."

கைப்பேசியைத் திரும்பவும் பைக்குள் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம்.

தோனூசா வந்ததும் வண்டிகள் நிற்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். பின்பக்கத்துப் பெரிய இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. அதற்கு அப்பால் துறை மேலும் கீழுமாகப் போய் வந்தது. லெஃப்தேரிஸ் வெள்ளைச் சட்டையில் நின்றான். பக்கத்தில் அர்கிரோ, இடுப்பில் பிள்ளை. முதல் தடவை காற்று கப்பலை ஒதுக்கித் தள்ளியது. வட்டமடித்து மறுபடி வந்தோம். கயிறு வீசினார்கள், துறையில் மாட்டினார்கள், அது விறைத்துக்கொண்டு ஊளையிட்டது. உடனே அவிழ்க்கச் சொல்லி மேலேயிருந்து ஒலிபெருக்கி கத்தியது. அடுத்த தடவை இன்னும் கிட்டே வந்தோம். அர்கிரோவின் காதில் கிடந்த தோடுகூடத் தெரிந்தது. பாந்தெலிஸ் பாலாடைக்கட்டியை என் கையில் திணித்துவிட்டுக் கதவின் நுனிக்கே போய்விட்டார். அலை ஒன்று அவரைத் தலையோடு கால் நனைத்தது.

"பெரியவரே, பின்னால வாங்க!" கயிற்றுக்காரன் ஒருவன் அவரது கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"விடுறா, பேரனுக்கு ஞானஸ்நானம். குதிச்சிர்றேன்."

"குதிச்சா பேரனுக்கு ஞானஸ்நானம், உங்களுக்கு அடக்கம். ரெண்டுக்கும் ஒரே பாதிரியார் போதும்."

எஞ்சின் சத்தத்தில் கரைக்கு எதுவும் கேட்காது, அது அவருக்கும் தெரியும். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அர்கிரோவைப் பார்த்தபடி நின்றார். அவள் பிள்ளையைத் தூக்கி அவன் முகத்தை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தாள். கட்ட முடியாது என்று கைவிட்டார்கள், கதவு மேலே ஏறத் தொடங்கியது. முதலில் அவர்கள் கால்கள் மறைந்தன, பிறகு ஆட்களே மறைந்துவிட்டார்கள்.

கைப்பேசியை எடுத்து மகன் எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அதை எந்த மேசையில் வைத்துவிட்டு வந்தானோ. திரும்பத் திரும்ப அழுத்தினேன், கொஞ்ச தூரத்தில் இணைப்பும் போய்விட்டது. இவர் ஈரக்கோட்டோடு படியில் உட்கார்ந்து, "வியாழக்கிழமை வந்திருக்கலாம்" என்றார். எனக்கு அவரைத் திட்டக்கூட மனம் வரவில்லை.

அடுத்த தீவான அமோர்கோஸில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். துறையை ஒட்டிய காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் கைப்பேசி அடித்தது. அர்கிரோ. அவரிடம் கொடுக்கச் சொன்னாள். அவருக்குக் காது மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

"மாமா, நல்லபடியா முடிஞ்சுது. பாந்தெலிஸ்னு வச்சிருக்கோம்."

இவர் என்னைப் பார்த்தார்.

"இல்லம்மா, நான் வந்தது..."

"தெரியும் மாமா. பேருக்காக நீங்க வரலை. அதான் எனக்கு மனசு கேக்கல. அந்த அலையில அந்த நுனியில நீங்க நின்னீங்க பாருங்க, எங்கப்பா பாத்திருந்தா அவரே உங்க பேரை வைக்கச் சொல்லியிருப்பாரு. ஞானத்தாய்கிட்ட நானே போயி சொல்லிட்டேன்." அவள் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த பிறகு பேசுகிற குரல். "உங்களுக்கு சந்தோஷந்தான மாமா?"

எண்ணெய் பூசித் தண்ணீரில் முக்கிக் கொடுத்த பேரை யார் திரும்ப வாங்க முடியும்? உண்மையைச் சொன்னால் அவள் அப்பாவின் பேர் வீணாகப் போனது என்றாகிவிடும். நான் மேசைக்கு அடியில் அவர் முழங்காலை அழுத்தினேன். சொல்லாதே என்றா, சொல் என்றா, எனக்கே தெரியவில்லை.

"சந்தோஷம்மா. ரொம்ப சந்தோஷம்" என்றார் என் கணவர்.

கடைக்காரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். "பேரனா? சொல்லவே இல்லையே!" என்று கூவி, கேட்காமலே சாராயம் ஊற்றிக்கொண்டு வந்தான். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன, சீட்டாடிக்கொண்டிருந்தவர்களும் எழுந்தார்கள். "புதுப் பாந்தெலிஸ் நூறு வருஷம் வாழட்டும்! பழைய பாந்தெலிஸும்தான்!" ஒருவன் அவர் முதுகில் தட்டினான். இவர் கோப்பையை வாங்கிக்கொண்டார். எல்லோரும் குடித்தார்கள். இவர் குடிக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு துறையின் விளிம்புக்கு நடந்தார். வடக்கே தோனூசா பக்கம் பார்த்து நின்று, யாகூமிஸ் திரும்பி வராத கடல் மேல் கோப்பையை மெதுவாகச் சாய்த்தார். ஒரு சொட்டுகூடத் தண்ணீரில் விழவில்லை. காற்று அத்தனையையும் அவர் முகத்திலேயே திருப்பி அடித்தது. அவர் துடைத்துக்கொள்ளாமல் நின்றார்.