இருபது விநாடி மேகம்

ஜெனரேட்டர் வண்டி திண்டிவனத்துக்கு அருகே அச்சு முறிந்து நிற்கிறது, வந்துசேர நான்கு நாளாகும் என்று டிரைவர் சொன்னபோது, கேமராமேன் தேவநாதன் செஞ்சிக் கோட்டைக் களஞ்சியத்துக்குள் நின்று அதன் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலோடு வெயில் நின்றுவிடும் இடம் அது. பத்தடி உள்ளே போனால் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. மறுநாள் அங்கேதான் படத்தின் முக்கியமான காட்சி. மகன் போரில் இறந்த சேதியை ஒரு தாய் கேட்கிறாள். தாயாக நடிக்கும் ஜெயம் மறுநாள் சாயங்காலம் வேறு படத்துக்காக ஹைதராபாத் போகிறார். அதன்பிறகு ஆறு மாதத்துக்கு அவர் கிடைக்கமாட்டார்.

டைரக்டர் அரங்கநாதனுக்கு இதுதான் முதல் படம். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுது சார். முதலாளி அப்பவே செஞ்சி வேணாம்னாரு. இனிமே படத்தையே நிறுத்திடுவாரு."

"நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கறோம்."

"எத வச்சி சார்?"

"வெயில வச்சி. தப்பா வந்துட்டா டைட்டில்ல என் பேர எடுத்துடுங்க. நானே சொன்னேன்னு முதலாளிகிட்ட சொல்லுங்க."

தேவநாதன் அதை வீம்புக்குச் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் செஞ்சியிலிருந்து பஸ் ஏறி மெட்ராஸ் போனவர். ஐந்து வருடம் ஸ்டுடியோவில் கேமராப் பெட்டி தூக்கினார். கறுப்புப் பைக்குள் கைவிட்டுத் தடவியே ஃபிலிம் மாற்றப் பழகினார். தனியாக முதல் படம் எடுத்தபோது வயது இருபத்தொன்பது. இந்த எட்டு வருடத்தில் பதினான்கு படங்கள், இரண்டு விருதுகள். விளக்கை எங்கே வைப்பது என்று மற்றவர்கள் யோசிக்கும்போது, எதை அணைக்கலாம் என்று யோசிப்பவர் என்று அவரைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார்கள். அவரைக் கேட்டால், அந்தப் பாடம் கடைத்தெருவில் தொடங்கியது என்பார். நைனாவின் துணிக்கடையில் புடவை எடுக்கும் பெண்கள் யாரும் கடைக்குள் நின்று நிறத்தை நம்பமாட்டார்கள். தெருவுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்தபிறகுதான் விலை கேட்பார்கள். எந்த நேரத்து வெயிலில் மஞ்சள் மஞ்சளாகவே தெரியும் என்பது பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அவருக்குத் தெரியும்.

அந்தக் கடை இப்போது அக்கா நீலாவதியின் பொறுப்பில் இருந்தது. நைனா போனபிறகு, "பொம்பள கடைல குந்தறதா?" என்று கேட்ட உறவுக்காரர்களுக்கே தீபாவளித் துணி விற்றவள். அன்று சாயங்காலம் தேவநாதன் நேராக அங்கே போனார்.

"இன்னாடா இந்நேரத்துல? சாப்டியா?"

"அப்புறம் சாப்புடறேன்க்கா. வெள்ளத் துணி அறுவது கெஜம் வேணும். செவுரு மாதிரி கட்டி, அதுல வெயில அடிச்சி உள்ள திருப்பணும்."

நீலாவதி ஒரு துணிக்கட்டை இழுத்துப் பிரித்தாள். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"இது கஞ்சி ஏத்துனது. கண்ணுல குத்தும். பொம்பள மூஞ்சியத்தான புடிக்கப் போற?"

"ஆமா."

"அப்ப அலசிக் காயவச்சித் தரேன். மெத்துனு இருக்கும்."

அதைச் சொல்லத்தான் அவரும் வாயெடுத்திருந்தார். சிரிப்பு வந்தது. "உனக்கு யாருக்கா இதெல்லாம் சொன்னா?"

"துணியத்தான தெனம் பாக்கறேன். உன் படத்தயும் பாக்கறேன். ஒரே இருட்டு. ஆனா கண்ண எடுக்கத் தோணல."

காலையில் அவளே துணியோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். சலூன்களிலிருந்து பெரிய கண்ணாடிகள் ஆறு வந்திருந்தன. தன் கண்ணாடியை வேறு யாரும் தொடக்கூடாது என்று சலூன்காரர் விநாயகமும் கூடவே வந்துவிட்டார். சூரியன் நகர நகரக் கண்ணாடிகளைத் திருப்பும் வேலை அவருடையதாயிற்று. கண்ணாடியில் பட்ட வெயில் வாசலுக்குள் பாய்ந்து, உள்ளே கட்டியிருந்த வெள்ளைத் துணியில் விழுந்து, அங்கிருந்து பால் போலக் களஞ்சியத்துக்குள் பரவியது. கரியேறிய சுவரின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது.

ஜெயம் வந்து நின்று சுற்றிலும் பார்த்தார்.

"கேமராக்காரரே, மூஞ்சிக்கு நேரா லைட் இல்லாம முப்பது வருஷத்துல நான் நின்னதில்ல. இதுல என் வயசு அப்படியே தெரியும்."

"தெரியும்மா. புள்ளையப் பறிகொடுத்தவங்களுக்கு வயசு தெரியத்தான் செய்யும்."

 ஜெயம் மேக்கப்காரரைக் கூப்பிட்டுக் கன்னத்துப் பூச்சைத் துடைக்கச் சொன்னார்.

கேமரா ஓடத் தொடங்கியது. சேதி சொன்ன சிப்பாய் தலைகுனிந்து விலகினான். ஜெயம் அழவில்லை. நெல்லை அள்ளிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு மேகம் சூரியனை மூடியது. வெள்ளைத் துணி சாம்பலாயிற்று. ஜெயத்தின் முகம் மெல்ல மெல்ல இருளுக்குள் இறங்கியது.

அரங்கநாதன் 'கட்' சொல்ல வாய் திறந்தார். தேவநாதன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை உயர்த்தினார். லென்ஸைத் திறந்து வெளிச்சத்தைச் சரிக்கட்ட உதவியாளர் கை நீட்டினார். அந்தக் கையையும் தேவநாதன் தள்ளிவிட்டார்.

"ஓடட்டும்."

ஜெயம் அசையவில்லை. வெளிச்சம் போனது அவருக்கும் தெரிந்தது. அந்த இருட்டில் நின்றபடி, யாரையோ கூப்பிடப் போவதுபோல உதட்டைத் திறந்தார். பெயர் வரவில்லை. இருபது விநாடி இருக்கும். மேகம் விலகிற்று. வெயில் துணிக்குத் திரும்பி, நெற்றியிலிருந்து கீழே இறங்கி அந்த முகத்தைத் திருப்பிக் கொடுத்தது. நெல் விரலிடுக்கில் வழிந்தது.

"கட்," என்றார் அரங்கநாதன். "சார், எதுக்கும் இன்னொன்னு..."

"வேணாம்," என்றார் தேவநாதன்.

ஃபிலிம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸுக்குக் காரில் போகும்போது மட்டும் ஒருமுறை அவருக்குச் சந்தேகம் வந்தது. கண் பார்த்ததை ஃபிலிமும் பார்த்திருக்க வேண்டுமே. மேல்மருவத்தூர் தாண்டியதும் தூங்கிவிட்டார்.

பத்து நாள் கழித்து, ஃபிலிம் கழுவும் லேபின் சின்னத் தியேட்டரில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். ஹைதராபாத்திலிருந்து ஒருநாள் லீவில் ஜெயமும் வந்திருந்தார். முகம் இருளில் இறங்கிய இடத்தில் முதலாளி நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். முகம் திரும்பி வந்த இடத்தில் அரங்கநாதன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஜெயம் தேவநாதன் பக்கம் சாய்ந்தார்.

"இந்தப் பொம்பள யாரு, கேமராக்காரரே? இவள நான் பாத்ததே இல்லியே."

ரீல் முடிந்தது. விளக்கைப் போடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வெறும் திரை வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் ஜெயத்தின் நரைத்த முன்முடியிலும், கண்ணைச் சுற்றிய கோடுகளிலும், சற்றே திறந்திருந்த உதட்டிலும் விழுந்தது. தேவநாதன் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.