பெட்டிக்குள் வைத்த பிகோனியா

ஜெயப்பிரியாவிடம் பிகோனியாச் செடி வாங்குகிறவர்கள் முதலில் ஒரு பிரசங்கம் கேட்டாக வேண்டும். தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பிழைத்துக்கொள்ளும், ஏசிக்கு நேராக மட்டும் வைக்காதீர்கள் என்பாள். மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் ஏசிக்கு அடியிலேயே வைத்து, இலை கறுத்ததும் செடி சரியில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். பதினைந்து டிகிரிக்குக் கீழே போனால் அது சுணங்கும், பத்துக்குக் கீழே இலை கொட்டும், ஐந்துக்குக் கீழே வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரி ஆகிவிடும் என்று போனிலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். கருங்குழியில் ஐந்து டிகிரியை யார் கண்டார்கள்? அதுவும் ஒருநாள் அவள் வீட்டுக் கூடத்துக்கு வந்தது.

மாமனார் காசிநாதன் பங்குனியில் ஒரு வியாழக்கிழமை காலை போய்ச் சேர்ந்தார். பக்கவாதம் வந்து ஆறு வருடம் படுக்கை, பேச்சும் கிடையாது. ஊட்டியது, துடைத்தது, புரட்டிப் போட்டது எல்லாம் ஜெயப்பிரியாதான். மாமியார் எல்லம்மாளுக்கு முட்டி ஒத்துழைக்காது. புருஷன் கோதண்டராமன் மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் விடியுமுன் போய் இருட்டி வருகிறவன். டாக்டர் வந்து நாடி பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், முடிந்தது என்று எழுதிக் கொடுத்தார். மூத்த பிள்ளை ஹரிஹரன் கனடாவிலிருந்து வர இரண்டு நாளாகும் என்பதால் மதுராந்தகத்திலிருந்து ஐஸ் பெட்டியை வரவழைத்தார்கள்.

மூடப்போகும் நேரத்தில் எல்லம்மாள் ஒரு காரியம் செய்தாள். ஜன்னலோரத்துச் சிவப்பு இலை பிகோனியாவைத் தொட்டியோடு தூக்கிவரச் சொன்னாள்.

"நாளெல்லாம் இதைத்தான் பாத்துகினு கெடந்தாரு. கால்மாட்டுல வைங்க."

"அத்த, குளிர் அதுக்கு ஆவாது."

"பொணம் கெடக்கறப்ப செடிக்கு அழுவுறா பாரு" என்று பின்னால் யாரோ ஒருத்தி காதுபட முணுமுணுத்தாள். ஜெயப்பிரியா தொட்டியைக் கால்மாட்டில் வைத்தாள். பெட்டியை மூடினார்கள். அதன் பக்கவாட்டில் பச்சை எண் நான்கு என்று காட்டியது.

மத்தியானம் மூடியின் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள்; போகவில்லை. அது உள்பக்கம். ஒரு கணம் இரண்டடி பின்வாங்கினாள், பிறகு தன் பயத்தை நினைத்துத் தனக்கே வெட்கமாகிவிட்டது. இலைகளைப் பதியன் போட்டுக் கண்ணாடி ஜாடியால் மூடி வைப்பவளுக்கு இதுகூடத் தெரியாதா? செடி மூச்சு விடுகிறது. ஜாடியில் பனி படிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் சாயங்காலத்துக்குள் இலைகள் நீர்கோத்துக் கறுத்து, தொட்டி விளிம்பில் துவண்டு விழுந்துவிட்டன. இலையே செத்த பிறகு செடிக்கு ஏது மூச்சு? மறுநாள் காலை பால் காய்ச்சப் போகிற வழியில் பெட்டியைப் பார்த்தாள். மாமனாரின் முகத்துக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்குப் பனி. மெல்லச் சுருங்கி மறைந்தது. திரும்பவும் படிந்தது.

கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார், பெட்டிக்குள் ஈரக்காற்று நின்றிருக்கும், அழுத கண் எதையாவது காட்டும் என்று ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வேறு. ஆறு வருடத்தில் முதல் தடவையாக, முந்தின ராத்திரி யாரையும் புரட்டிப் போட அவள் எழுந்திருக்கவில்லை. அந்த நிம்மதியை விட அவளுக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமை ஹரிஹரன் வந்தான். எரித்தார்கள். பெட்டி வண்டியேறிப் போனது. தொட்டியைக் குப்பையில் போடக் கை வராமல் குளியலறைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள்.

அதற்கப்புறம் அவளுக்கு அந்த வீட்டில் நிம்மதி இல்லை. கத்திரி வெயிலில் ஊரே வேகும்போது, கூடத்தில் பெட்டி இருந்த இடத்தைப் பெருக்கினால் பாதம் சில்லிட்டது. செடிகளுக்கென்று வைத்திருந்த தெர்மாமீட்டரை அங்கே தரையில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தாறு காட்டியது. ஆனாலும் சில்லிட்டது. இட்லிப் பானையின் மூடியில் ஆவி படிந்தால்கூட நெஞ்சு பதறி, இட்லி அவிப்பதையே விட்டுவிட்டாள். பதியன்களின் ஜாடிகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டாள். இலைகள் காய்ந்து போயின. வாடிக்கைக்காரி ஷஃபானா புதுப்பட்டினத்திலிருந்து மூன்று முறை போன் செய்தும் எடுக்கவில்லை.

"இன்னாடி, பேயறஞ்ச மாரி கீற?" என்றான் கோதண்டராமன்.

உங்கப்பா பெட்டிக்குள் உயிரோடு இருந்தாரோ என்று எந்தப் பெண்டாட்டி புருஷனிடம் கேட்பாள்? "வெயிலு" என்றாள்.

எல்லம்மாளும் அந்த இடத்தை மிதிப்பதில்லை. முட்டி வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றித்தான் போவாள். படுப்பாளே தவிரத் தூங்குவதில்லை, தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். துக்கம்தானே என்று ஜெயப்பிரியா நினைத்துக்கொண்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு பகலில் எல்லம்மாள் பின்பக்கமிருந்து கூப்பிட்டாள். "ஜெயா! இங்க வா." குரல் சரியில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அந்தத் தொட்டி முன்னால் குந்தியிருந்தாள். கறுத்துச் சுருங்கிய கிழங்கின் பக்கவாட்டில், பட்டாணி அளவுக்கு ஒரு சிவப்புத் துளிர்.

"இது சாவலியா?"

"இலைதான் போச்சு. கிழங்கு பொழச்சிருக்கு அத்த."

"அந்தப் பொட்டிக்குள்ள ரெண்டு நாள் கெடந்தும்?"

"ஆமா."

எல்லம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணாடில மூச்சு மாரி படிஞ்சிச்சுடி. ரெண்டாம் நாள் காலைல நான் பாத்தேன். யாராண்டயும் சொல்லல. மறுபடியும் படுக்கைல கெடந்து அவரு அவஸ்தப்படணுமான்னு வாய மூடிகினு இருந்துட்டேன். பாவி நானு." மூச்சு வாங்கியது. "அது இந்தச் செடி வுட்ட மூச்சுதானா? நீ செடிக்காரி, உனக்குத் தெரியும். சொல்லு."

ஜெயப்பிரியாவும் பக்கத்தில் குந்தினாள். நானும் பார்த்தேன் அத்த என்று அந்த மடியில் விழுந்து கதறியிருக்கலாம். இத்தனை நாளாக அதற்காகத்தான் ஏங்கினாள். ஆனால் அந்தக் கிழவியின் கண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இலையில்லாத கிழங்கு மண்ணில் கிடந்து, கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு மூச்சு அனுப்பாது. அது செடிக்காரிக்கு நன்றாகத் தெரியும்.

"செடிதான் அத்த" என்றாள். "உயிர் இருந்துச்சில்ல, மூச்சு வுட்டுகினுதான் இருக்கும். மாமா வியாழக்கெழமையே போயிட்டாரு."

"சத்தியமா?"

"சத்தியமா."

எல்லம்மாள் வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்து, ரசம் ஊற்றி ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். பிறகு கூடத்துக்கு வந்து, பெட்டி இருந்த அதே இடத்தில் வெறுந்தரையில் படுத்து, உடனே தூங்கிப்போனாள்.

ஜெயப்பிரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என்றைக்காவது யாரிடமாவது சொல்லிவிடலாம் என்ற எண்ணம்தான் இத்தனை நாள் அவளை நடமாட வைத்தது. இனி யாரிடம் சொன்னாலும் அது எல்லம்மாள் காதுக்குத்தான் போய்ச் சேரும். மாமியாரின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு, அவள் கண் விழிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.