சேவை சாதிக்காத கம்ப்யூட்டர்

வெள்ளிக்கிழமை காலை அனுசுயாவின் கம்ப்யூட்டர் காணாமல் போனது. யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. பின்னறை மேஜையில், நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு, மாவு மில் மாதிரி இரைந்துகொண்டு அங்கேயேதான் இருந்தது. முன்னறைக் கம்ப்யூட்டரின் கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை.

ஸ்ரீரங்கம் கீழ உத்திர வீதியில் 'ரங்கா கார்ட்ஸ்' என்றால் கல்யாணப் பத்திரிகை. முதலாளி ரங்கராஜன் முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரோடும் கலர் பிரிண்டரோடும் உட்கார்ந்திருப்பார். டிசைன் போடும் அனுசுயா, மூன்று வாரத்துக்கு முன் வந்த புதுக் கம்ப்யூட்டரோடு பின்னறையில். அவளும் வந்து மூன்று வாரம்தான். இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரு வயர் இணைத்தது. இணைத்தது என்று கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரன் சொல்லிவிட்டுப் போனான். அதைச் சோதித்துப் பார்க்கும் அவசியம் இதுவரை வரவில்லை. டிசைனை பென் டிரைவில் ஏற்றி எடுத்துப்போய் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் அந்த பென் டிரைவ் வழியாக ஒரு வைரஸ் வந்து பதினேழு கல்யாணம், ஒரு சஷ்டியப்தபூர்த்தி எல்லாவற்றையும் தின்றுவிட்டது. ரங்கராஜனுக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு பாக்கெட் எம்-சீல் வாங்கிப் பிசைந்து, இரண்டு கம்ப்யூட்டரிலும் பென் டிரைவ் செருகும் ஓட்டைகளுக்கெல்லாம் சமாதி கட்டினார். மவுஸ் வயரையும் கீபோர்டு வயரையும் சேர்த்தே பூசினார்.

"இனிமே எமனே வந்தாலும் உள்ள நுழைய முடியாது" என்றார்.

எமன் நுழையாதது சரி. இப்போது டிசைனும் வெளியே வர முடியவில்லை. மெயிலில் அனுப்பலாம் என்றால், வீதியில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியவர்கள் இன்டர்நெட் வயரையும் தோண்டி எடுத்திருந்தார்கள்.

முன்னறை நாற்காலியில், பத்திரிகை அடிக்கக் கொடுத்த பார்ட்டி உட்கார்ந்திருந்தார். புத்தூரிலிருந்து வந்தவர், பெண்ணைப் பெற்றவர், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள முதல் பத்திரிகை அச்சாகி என் கைக்கு வரணும். பெருமாள் திருவடியில வெச்சுட்டுதான் ஊருக்குக் கொடுக்கறது. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்கோ, ஆட்டோ நிக்கறது."

ரங்கராஜன் பின்னறை வாசலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் குரலைத் தாழ்த்தினால்தான் பயப்பட வேண்டும்.

"அனுசுயா, நீயும் இந்த மெஷினும் ஒரே நாள்ல வந்தேள். பத்தரைக்குள்ள இது என் கண்ணுல தெரியலைன்னா, ரெண்டு பேரும் ஒரே நாள்ல கிளம்பிடலாம்."

மருங்காபுரியிலிருந்து அனுசுயாவை அனுப்பிவைக்கும்போதே அப்பா பிச்சமுத்து சொல்லியிருந்தார்: "ஒரு மாசம் பாரு. ஒத்து வரலைன்னா வந்துடு. கடலைக்காடு எங்கயும் போயிடாது." கடலைக்காடு எங்கேயும் போகாது என்பதுதான் அவளுக்குப் பயமே.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரசூல் பாய், போன் போட்டதும் பாலத்து நெரிசலில் நீந்தி வந்து சேர்ந்தார். பிஸ்மில்லா சொல்லி எல்லாவற்றையும் அணைத்து, மறுபடி போட்டார். அவருடைய முதல் வைத்தியம் எப்போதும் அதுதான். கேட்கவில்லை. வயரை மாற்றினார். கேட்கவில்லை. கையைத் தாடையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"தங்கச்சி, புதுசா போட்டப்ப, 'உன்னை மத்த கம்ப்யூட்டர்லாம் பார்க்கலாமா'ன்னு ஒரு கேள்வி கேட்டிருக்கும். நீ வேணாம்னு அமுக்கிட்டியா?"

"நான் எதையும் அமுக்கலண்ணே."

"வயசுப் பொண்ணு. கூச்சப்பட்டிருப்பா" என்றார் முன்னறையிலிருந்து பார்ட்டி.

ரசூல் திறந்து பார்த்தார். 'பார்க்கலாம்' என்றுதான் இருந்தது. இவ்வளவு தாராளமாக அனுமதி கொடுத்துவிட்டு ஏன் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று அவருக்கும் புரியவில்லை. முன்னறைக்கு ஓடினார். அங்கே திரையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் படம். அதன் கீழே ரங்கா என்று பெயர்.

"ஒண்ணு தெரியுது சார்!"

"அது இதுதான் ஓய். நான் வெச்ச பேர்."

பின்னறைக்கு ஓடி வந்தார். அங்கேயும் ஒரே ஒரு படம். ரங்கா.

"ஆங்! பின்னாடியிலேர்ந்து பார்த்தா முன்னாடி உள்ளது தெரியுது. முன்னாடியிலேர்ந்து பார்த்தாத்தான் பின்னாடி உள்ளது தெரியல."

"பார்த்தேளா!" என்றார் ரங்கராஜன். "என்னோடது ரெண்டு பக்கமும் தரிசனம் கொடுத்து ஒழுங்கா சேவை சாதிக்கறது. அவளோடதுதான் முட்டாக்குப் போட்டுண்டு ஒளிஞ்சிருக்கு."

அனுசுயா கடுப்பில் அந்த ரங்காவைத் தட்டித் திறந்தாள். உள்ளே அவள் போட்ட டிசைன்கள் வரிசையாக இருந்தன. புத்தூர்க் கல்யாணம் முதலாவதாக.

"சார், பத்திரிகை உங்க கம்ப்யூட்டர்லதான் சார் இருக்கு!"

"என் கம்ப்யூட்டர்லயா? என்னைக் கேட்காம எப்போ வெச்சே?"

"யார் வெச்சா என்ன, பிரிண்ட்டைத் தட்டுங்கோ!" என்று பார்ட்டி எழுந்தே விட்டார்.

ரங்கராஜன் தன் கம்ப்யூட்டரைத் தலைகீழாகக் கவிழ்க்காத குறையாகத் தேடினார். பத்திரிகை இல்லை. பின்னறையிலிருந்து பார்த்தால் முன்னறையில் இருக்கிறது. முன்னறையில் போய்ப் பார்த்தால் இல்லை.

"மாயை" என்றார் பார்ட்டி. மணி பத்தேகால்.

ரசூலுக்கு வியர்த்துவிட்டது. முதலாளி நேரில் வந்து இந்த அதிசயத்தைப் பார்க்கட்டும் என்று, பின்னறையில் குனிந்தபடியே குரல் கொடுத்தார்: "ரங்கராஜன் சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க!"

முன்னறையில் இரண்டு நாற்காலிகளும் ஒரே நேரத்தில் கிரீச்சிட்டன. முதலாளியும் பார்ட்டியும் சேர்ந்தாற்போல் எழுந்து வந்து, குறுகலான வாசலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டார்கள்.

"உங்களைத்தான் கூப்பிடறார், போங்கோ."

"சேச்சே, உங்களைத்தான். கடை உங்களோடது."

"பார்ட்டி நீங்கோ. முதல் மரியாதை உங்களுக்குத்தான்."

இருவரும் மரியாதையாகத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பார்ட்டியின் பெயரும் ரங்கராஜன்தான். இந்த ஊரில் வீதியில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போக்குவரத்தே நின்றுவிடும்.

"ரங்கராஜன் சார்!" என்று ரசூல் மறுபடி கத்தினார். மறுபடி கிரீச். மறுபடி வாசல். மறுபடி, "நீங்க போங்கோ." யாரும் வரவில்லை.

அனுசுயா வாயைத் திறந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பித் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"சார்," என்று வாசலுக்குப் போனாள். "அன்னிக்கு நான் வர்றதுக்கு முன்னாடி இதுக்குப் பூஜை போட்டீங்கல்ல, அப்ப இதுக்கு என்ன பேர் வெச்சீங்க?"

"என்ன கேள்வி இது? ரங்கான்னுதான்."

"முன்னாடி உள்ளதுக்கு?"

"ரங்கா. என் ஸ்கூட்டர் ரங்கா. பையன் ரங்கா. இந்த ஊர்ல இருந்துண்டு வேற என்ன பேர் வைப்பா?"

ரசூல் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! இவ்வளவு நேரம் ரெண்டும் கண்ணாடி பார்த்துக்கிட்டிருந்திருக்கு சார்! இது பார்த்தது இதையே, அது பார்த்தது அதையே. ஒரே பேர்ல ரெண்டு இருந்தா எதை எங்க காட்டுறதுன்னு அதுக்குத் தெரியாது. ஒண்ணோட பேரை அழிங்க, வேலை முடிஞ்சது."

ரங்கராஜனின் முகம் இறுகியது.

"பெருமாள் பேரை அழிக்கறதா? அதுவும் வெள்ளிக்கிழமை, ராகுகாலம் வர்ற நேரத்துல? என் கையால மாட்டேன்."

"என் பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்காக அந்தப் பாவம் வேண்டாம்" என்று பார்ட்டியும் கழன்றுகொண்டார்.

அனுசுயா கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு தவித்தாள். "கோயில் தாயார் பேரை வெச்சா, சார்?"

இரண்டு ரங்கராஜன்களும் ஒரே குரலில் அலறினார்கள்: "கூடாது!"

"தாயார் படி தாண்டமாட்டா அம்மா. இந்த ஊர்ல அவ சன்னிதியை விட்டு வெளியே வந்ததே கிடையாது" என்றார் பார்ட்டி.

"அவ பேரை வெச்சா, இந்த மெஷின் ஜன்மத்துக்கும் பின்னறையை விட்டு வராது" என்றார் முதலாளி. இந்த விஷயத்தில் மட்டும் இருவருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை.

மணி பத்து இருபது. வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அனுசுயாவுக்கு ஹாரன் சத்தத்துக்கு நடுவே கடலைக்காடு தெரிந்தது. எரிச்சலும் அழுகையுமாகக் கேட்டாள்:

"அப்ப வெளியில வர்ற சாமி யாருதான் சார்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்ட்டியின் முகம் மெல்ல மலர்ந்தது.

"உள்ள சயனிச்சிருக்கறவர் பெரிய பெருமாள். அவர் நகரமாட்டார். வீதிக்கு வந்து ஊருக்கெல்லாம் சேவை சாதிக்கறவர்..."

"நம்பெருமாள்!" என்றார் முதலாளி. "அதுவும் அவர் பேர்தானே! அழிச்ச பாவமும் இல்லை. முன்னறையில ரங்கா அப்படியே படுத்துண்டிருக்கட்டும். இது நம்பெருமாள். போடும்மா, போடு!"

அனுசுயா தட்டினாள். கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி உயிர் வர அது எடுத்துக்கொண்ட நேரத்தில், முன்னறைத் திரைக்கு எதிரே இரண்டு ரங்கராஜன்களும், சன்னிதியில் திரை விலகக் காத்திருப்பவர்கள்போல கைகட்டி நின்றார்கள். ரசூல் பாயும் பக்கத்தில் நின்றார்.

ரங்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு படம் முளைத்தது. நம்பெருமாள்.

"ஆஹா, எழுந்தருளிட்டார்!" என்று பார்ட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு வேகத்தில் ரசூலும் போட்டுக்கொண்டு, பிறகு தாடியைத் தடவுவதுபோல் பாவனை செய்தார்.

பிரிண்டர் முனகியது. மஞ்சள் தடவிய மாதிரி பத்திரிகை சுடச்சுட வெளியே வந்தது. பார்ட்டி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பத்தரைக்கு இரண்டு நிமிஷம் இருக்க ஆட்டோவில் பாய்ந்தார்.

கடை அமைதியானது. முதலாளி தொண்டையைக் கனைத்தார். அவர் குரல் தாழ்ந்திருந்ததால் அனுசுயா பையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் மூணாவது கம்ப்யூட்டர் வர்றது. பூஜை நான் பண்ணிக்கறேன். பேர் மட்டும் நீ வெச்சுடு."

அவள் பையை மறுபடி ஆணியில் மாட்டினாள்.

"ஏன் பாய், இந்தக் கலர் பிரிண்டருக்கும் ஒரு பேர் இருக்குமோ?" என்று முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார்.

ரசூல் பாய் அதற்குள் பைக்கை உதைத்துவிட்டார்.