லேசானது முதல் மிதமானது வரை

குளிர்கால முன்னறிவிப்பு வெளியான அன்று மதியமே அவளுடைய அக்காவின் கணவர் அவள் வேலை பார்க்கும் வானிலை அலுவலகத்துக்குள் நுழைந்தார். சேற்றுச் செருப்போடு நேராக அவள் மேசைக்கு வந்து, செய்தித்தாளை விசிறிப் போட்டார்.

"இது நீ எழுதினதுதானே?"

"ஆமாம் அத்தான்."

"மலையில முதல் வாரத்துலயே கடும் பனிப்பொழிவு, கணவாய் மூடலாம், சமவெளியில உறைபனி. இதைப் படிச்சவன் எவன் மேல ஏறி வருவான்?"

"வரக்கூடாதுன்னுதான் எழுதினேன்."

கணவாய்க்கு மேலே அவருக்கு ஒரு தங்கும் விடுதி இருந்தது. பனி விழுவதற்கு முந்தைய சில வாரங்கள்தான் அங்கே கூட்டம் அலைமோதும். மலைக்கும் கீழே உள்ள சமவெளிக்கும் சேர்த்து முன்னறிவிப்பு எழுதுவது அவள் வேலை. போன வருஷமும் இப்படித்தான் எச்சரித்தாள். கடைசி நேரத்தில் காற்று திசை மாறியது. ஒரு துளி பனி விழவில்லை. விடுதிகள் ஈ ஓட்டின. அன்றிலிருந்து ஊரில் அவளுக்குப் 'பனிக்காரி' என்று பெயர்.

"போன வருஷம் தப்பாப் போச்சு, ஒத்துக்கறேன்" என்றாள். "இந்தத் தடவை வடக்கேயிருந்து குளிர்காத்து கிளம்பியாச்சு. மேற்கேயிருந்து ஈரக்காத்தும் வருது. ரெண்டும் மலை மேலதான் மோதும்."

"உன் காத்து புராணம் எனக்கு வேண்டாம். கூடப் பிறந்தவ புருஷன்னுகூடப் பார்க்காம வயித்துல அடிக்கற. நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

பதிலுக்குக் காத்திராமல் இயக்குநரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேநீர் வந்தது, சிரிப்பும் கேட்டது.

சாயங்காலம் வானொலியில் புதிதாக ஒரு விளக்கம் வந்தது. 'மலைப்பகுதியில் பனிப்பொழிவு லேசானது முதல் மிதமானது வரை இருக்கும். பயணிகள் அச்சப்படத் தேவையில்லை.' அவள் இயக்குநரின் அறைக்குள் தட்டாமலே நுழைந்தாள்.

"சார், இது என் கணிப்பு இல்ல."

"அலுவலகத்தோட கணிப்பும்மா" என்றார் அவர், வெண்ணெய் தடவிய குரலில். "எந்தக் கணிப்புலயும் முன்ன பின்ன இருக்கும். நான் கொஞ்சம் முன்ன தள்ளினேன், அவ்வளவுதான்."

"நீங்க தள்ளினது காகிதத்துல. மேல ஜனங்க போவாங்க சார்."

வெண்ணெய் உருகிப் போனது. "போன வருஷம் உன்னால நான் வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா? போய் உன் இடத்துல உட்காரு."

அவள் வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தாள்.

"என் குடும்பம் நாலு காசு பார்க்கறது உனக்குப் பொறுக்கலையாடி?" எடுத்த எடுப்பிலேயே அக்கா சீறினாள்.

"அக்கா, திட்டு, வாங்கிக்கறேன். விடுதியில விறகை மட்டும் உள்ள எடுத்து அடுக்கிடு. மாவு, பால் பவுடர், போர்வை..."

"அபசகுனமாவே பேசு. உன் வாய் முகூர்த்தம்!" போன் துண்டிக்கப்பட்டது.

அடுத்த நாள் கடைத்தெருவில் காய்கறிக்காரர் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ அவள் ஸ்கூட்டரின் இருக்கையைப் பிளேடால் கிழித்திருந்தார்கள். பஞ்சு பிதுங்கிய இருக்கையில் உட்கார்ந்தே அவள் வீடு போய்ச் சேர்ந்தாள்.

வார இறுதியில் மலைப்பாதை முழுக்க வண்டிகள் ஏறின. வெயில் பளிச்சென்று அடித்தது. 'எங்கே உன் பனி?' என்று யாரோ அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டுச் சிரித்தார்கள். மறுநாள் மதியம் மலை உச்சி மறைந்தது. இருட்டுவதற்குள் கணவாய் மூடிக்கொண்டது, மின்சாரம் போனது, மேலே எந்தப் போனும் வேலை செய்யவில்லை. சமவெளியில் உறைபனி இறங்கித் தக்காளிச் செடிகளைக் கருக்கியது. அதற்கும் அவளுக்குத்தான் வசவு.

இயக்குநரோ, ஏதோ கூட்டம் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். சாலைத்துறைப் பொறியாளர் கடுகடுவென்று உள்ளே வந்தார்.

"பனி அள்ளுற வண்டியை இப்பவே மேல அனுப்பறேன்."

"வேண்டாம் சார். இந்தக் காத்துல வண்டியே புதைஞ்சிடும். நாளைக்கு மதியத்துக்கு மேல காத்து அடங்கும். அப்ப அனுப்புங்க."

"அதுவரைக்கும் மேல இருக்கறவங்க விறைச்சுச் சாகணுமா? அடங்கலைன்னா?"

"என்னைக் கேளுங்க."

"உங்களைக் கேட்டு என்ன ஆகும்? உங்களைத்தான் போன வருஷமே பார்த்தோமே!" என்றார். ஆனாலும் வண்டியை நிறுத்தி வைத்தார்.

அவள் வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்தாள். தன் கணிப்பு பலிக்க வேண்டும் என்று அவள் ஏங்கியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். மறுநாள் மதியம் தாண்டியும் காற்று ஊளையிட்டது. பொறியாளர் அவளைப் பார்வையாலேயே கொன்றார். பொழுது சாயும் நேரத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வண்டி ஏறியது. அதற்கடுத்த நாள் மேலே மாட்டிக்கொண்ட பயணிகள் எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள்.

அக்காவின் கணவர் நேராக அலுவலகத்துக்குத்தான் வந்தார். உதடு வெடித்து, கண் சிவந்திருந்தது.

"இவ்வளவு தெரிஞ்சவ ஊரைக் கூட்டிக் கத்தியிருக்க வேண்டாமா?"

"கத்தினேன். நீங்க அந்த அறையில தேநீர் குடிச்சிட்டு இருந்தீங்க."

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்க அக்கா மட்டும் விறகையெல்லாம் உள்ள அடுக்கலைன்னா அத்தனை பேரும் போய்ச் சேர்ந்திருப்போம். எதுக்குடி இந்த வேலைன்னு கேட்டா என் மேல எரிஞ்சு விழுந்தா."

இயக்குநர் திரும்பி வந்தார். பனிப்பொழிவு மிதமானதைவிடச் சற்றுக் கூடுதல் என்று வானொலிக்கு இன்னொரு விளக்கம் கொடுத்தார். அதில் அவள் கையெழுத்தும் வேண்டும் என்றார். அவள் முடியாது என்றாள். கையோடு சமவெளிக் கிளைக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

மேலே போன் இணைப்பு வந்ததும், விடுதியிலேயே இருந்துவிட்ட அக்காவைக் கூப்பிட்டாள்.

"உன் பேச்சைக் கேட்டேன்னு நினைச்சுக்காத" என்றாள் அக்கா. "சின்னக் குழந்தைங்க வந்து தங்குற இடம். அதான் செஞ்சேன்."

"சரிக்கா."

மறுமுனையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. "அடுத்தது எப்போ விழும்?"

"பத்து நாளைக்கு இருக்காதுன்னு தோணுது."

"நிச்சயமாவா?"

"நிச்சயம்னு எதையும் சொல்ல முடியாதுக்கா."

"அப்புறம் எதுக்கு உனக்குச் சம்பளம்?" என்று போனை வைத்தாள் அக்கா.