ஐஸ் பெட்டிக்குள் இறால் குஞ்சுகள்

மீன் மனிதனுக்குத் தீனியாகலாம். மனிதன் மீனுக்குத் தீனி தீத்தக் கூடாது. உலகம் இன்றுவரை கவிழாமல் நிற்பது இந்த ஒரு நீதியால்தான் என்று வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறும் நல்லரத்தினம் அறிவித்தார். ஏலம் கூறும் அதே குரலில் அறிவித்ததால், மறுக்க வந்தவர்களுக்குத் தங்கள் குரலே கேட்கவில்லை.

நீதியை மீறியவள் அவர் வீட்டிலேயே இருந்தாள். மனைவி சீதேவிப்பிள்ளை. கொழும்பிலிருந்து அவளுடைய தம்பி கொண்டுவந்த ஒரு சோடி ஏஞ்சல் மீன்கள், பாதையில் ஆமியின் சென்றிதோறும் பை அவிழ்த்துச் சோதிக்கப்பட்டு, குற்றமற்றவை என விடுவிக்கப்பட்டு, அவளுடைய கண்ணாடித் தொட்டிக்கு வந்து சேர்ந்திருந்தன. இரண்டு முறை குஞ்சு பொரித்தன. இரண்டு முறையும் குஞ்சுகள் அவித்த முட்டை மஞ்சளைத் தொடாமல் பட்டினியில் செத்தன. இப்போது மூன்றாம் முறை முட்டையிட்டிருந்தன.

"இந்த முறை ஒண்டையும் சாகவிட மாட்டன். செத்தா தொட்டியக் கவிட்டு வைச்சிருவன்," என்றாள் சீதேவிப்பிள்ளை. குஞ்சுகளுக்குத் தீனியாகத் தம்பியைக் கொண்டு ஒரு சின்னத் தகரப் பேணியில் இறால் முட்டை எடுப்பித்தாள். பார்த்தால் மரத்தூள். உப்புத் தண்ணீரில் போட்டு விடாமல் காற்றூதினால் மறுநாள் செம்மஞ்சள் புள்ளிகளாக இறால் குஞ்சுகள் துள்ளும். மிஞ்சியதைக் குளிரில் வைத்தால் இரண்டொரு நாள் மெலியாமல் உயிரோடு கிடக்கும். சண்டையால் ஊரில் கரண்ட் இல்லை. ஆகவே குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டி, பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவே மூடியில்லாத கிண்ணம், கிண்ணத்தில் குஞ்சுகள்.

"தூசிக்கு ஐஸ் பெட்டி! தூசியத் துணியில வடிச்சு, நல்ல தண்ணியில முழுகவாத்து, மறுகா மீனுக்குத் தீத்திறது. எனக்கு ஒருநாள் இப்பிடித் தீத்தினியா?"

"உங்களுக்கு வாய் தாராளமாக் காணும். அதுகளுக்கு இனித்தான் வளர வேணும்."

ஒருநாள் காலையில் அவள் ஆஸ்பத்திரியிலிருந்த அக்காவைப் பார்க்க மட்டக்களப்புக்குப் புறப்பட்டாள். "பின்னேரம் வந்திருவன். நீங்க ஒண்டும் தீத்த வேணாம். ஐஸ மட்டும் மாத்தி விடுங்க."

ஐஸ் விஷயத்தில் நல்லரத்தினத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அஹமட்டின் ஐஸ் கடையில் வாங்கி வந்து, அடித்து நொறுக்கி, சுறாவுக்கும் பாரைக்கும் போடுவது போல மேலே அள்ளிக் கொட்டினார். கிண்ணம் மறைந்தது. மீனென்றால் அதுதான் முறை.

பின்னேரம் பஸ் வரவில்லை. பாதையை மூடிவிட்டார்கள்.

விடிந்ததும் மீன் குஞ்சுகள் கண்ணாடியோரம் வயிறு ஒட்டிப்போய் நின்றன. அவர் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் குடித்தார். பாதித் தேநீரில் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். ஐஸ் கிண்ணத்துக்குள் உருகி உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கியிருந்தது. இறால் குஞ்சுகள் செங்கல் தூளாக அடியில் படிந்து கிடந்தன. கலக்கிப் பார்த்தார். ஒன்றும் துள்ளவில்லை.

பேணியின் அடியைச் சுரண்டினார். ஒரு கரண்டி முட்டை தேறியது. இதுவும் தவறினால் தொட்டி கவிழும். போத்தலை எடுத்துக்கொண்டு கடலுக்கு நடந்தார்.

வழியில் அஹமட் பிடித்துக்கொண்டார். "என்ன மச்சான், கடல் தண்ணியும் ஏலத்துக்கு வருதா?"

"வாய் கொப்புளிக்க."

"உங்கட வாய்க்கு ஒரு போத்தல் காணாதே!"

அன்று ஏலத்துக்கு அவர் போகவில்லை. தொண்டை கட்டிய வேறொருவர் கூறினார். நல்லரத்தினம் கதவைச் சாத்திக்கொண்டு, மனைவி காற்றூதவென்று வைத்திருந்த லொறி ரியூபுக்குச் சைக்கிள் பம்பால் காற்றடித்தார். ரியூபிலிருந்து மெல்லிய குழாய் வழியே, முட்டை போட்ட போத்தலுக்குள் குமிழி ஏறியது. ரியூப் தளர்ந்தது, அடித்தார். மறுபடி தளர்ந்தது, மறுபடி அடித்தார். கை கொப்பளித்ததும் மற்றக் கையால் அடித்தார்.

மறுநாள் மத்தியானம் போத்தலை யன்னலோரம் வைத்தார். வெளிச்சம் பட்ட பக்கத்தில் செம்மஞ்சள் புகை திரண்டு துடித்தது. கோயிலுக்கு உடுக்கும் வேட்டியின் நுனியில் வடித்து, கிணற்றுத் தண்ணீரில் அலசினார். பாதியைக் கிண்ணத்தில் கடல் தண்ணீரோடு ஐஸ் நடுவே வைத்தார். ஐஸ் வெளியில், கிண்ணம் உள்ளே. மீதியைச் சொட்டுக்குழாயில் எடுத்துத் தொட்டிக்குள் ஒரு துளி விட்டார். முதலில் ஒரு மீன் குஞ்சு பாய்ந்தது. பிறகு எல்லாம். வயிறுகள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சள் ஆகின.

வாசல் படலையில் அஹமட் கத்தினார். "நல்லரத்தினம்! பாதை துறந்திட்டு. சீதேவிப்பிள்ள பஸ்ஸால இறங்கி வாறா. வள்ளமும் வந்திட்டு, ஏலம் கூற வாங்க!"

"மெல்லமாக் கதைங்க மச்சான்," என்றார் நல்லரத்தினம். படலைவரைகூட அது எட்டவில்லை. குனிந்து அடுத்த துளியை விட்டார்.