மினுக்கனின் குளியல்தொட்டி விமானம்

திங்கட்கிழமை, விமானக் கொட்டகையில் நாள் முழுக்க இறக்கைக்கு அடியில் குனிந்து நின்றுவிட்டு வந்த மெக்கானிக்குக்கு, வீட்டில் செருப்பைக் கழற்றக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. மனைவி சாப்பாட்டு மேஜையில், தான் விமானம் வரைந்த ஒரு காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இத மட்டும் பாத்துச் சொல்லிடுங்க. பறக்குமா?"

பார்த்தார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விமானத்துக்குள் சரவிளக்கு, அதன் கீழே நடனமாட மரத்தளம்!

எல்லாம் அவள் நாவலில் வரும் ஒற்றனுக்காக. ஒற்றன் என்றால் ஆள் இருக்கும் இடம் தெரியக்கூடாது. இவனோ தங்க நிறக் கோட்டும் நாளுக்கு மூன்று தொப்பியுமாக அலைகிறவன். மெக்கானிக் அவனுக்கு மினுக்கன் என்று பேர் வைத்திருந்தார். ஒன்பது அத்தியாயம் முடிந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தில் மினுக்கன் சொந்த விமானத்தில் தப்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் புத்தகமாகப் போடுகிறோம் என்று பதிப்பகத்தார் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு இதுதான் முதல் புத்தகம்.

"பறக்காது," என்றார். காகிதத்தைக் கிழித்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை, விசிறி மாதிரி மடங்கும் இறக்கை. "கைய மடக்கிக்கிட்டு எவனாவது நீந்துவானா?" என்றார். அதுவும் கிழிந்தது.

புதன்கிழமை, வால் பக்கம் ஒரு குளியல்தொட்டி. மேகத்துக்கு மேலே மினுக்கன் வெந்நீரில் குளிப்பானாம். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, ஒரு தொட்டித் தண்ணி என்ன கனம் தெரியுமா? கொஞ்சம் சாஞ்சா போதும், தண்ணி மொத்தமும் ஒரு பக்கமா ஓடும். உன் ஆளு சோப்போட தலைகுப்புற விழுவான். அதுசரி, இத ஓட்டறவன் எங்க உக்காருவான்?"

"ஐயோ, அத மறந்துட்டேன்."

"மறப்ப! ஒற்றன்னா ஒளிஞ்சு போகணும். இவனுக்கு எதுக்கு இந்த ஆட்டம்?"

"ஒளிஞ்சு போறவனப் பத்தி எழுதறதுக்கு நான் எதுக்குங்க?"

வியாழக்கிழமை மேஜை காலியாக இருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இன்னிக்கு விமானம் இல்லையா?"

"கதை முடிஞ்சிடுச்சு. நாளைக்குக் குடுத்துடுவேன்."

கடைசிப் பக்கத்தை வாங்கிப் படித்தார். மினுக்கன் தங்கக் கோட்டைக் கழற்றி, மடித்துப் பையில் வைத்தான். பஸ் வந்தது. ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தான்.

"பஸ்ஸா? அந்த ஆளு பஸ்ல போவானா?"

"பஸ் ஓடும்ல. நீங்க குறை சொல்ல முடியாது."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். சாதாரணமாகச் சொன்னாள். அவருக்கு வெட்கமாகிவிட்டது. மூன்று நாளாகக் குறை சொல்லி மினுக்கனை அந்தக் கோட்டைக் கழற்ற வைத்தது வேறு யாருமில்லை, அவர்தான்.

குப்பைக்கூடையைக் கிளறினார். அவள் கிழித்துப் போட்டிருந்த குளியல்தொட்டிப் படத்தின் இரண்டு துண்டுகளும் கிடைத்தன. ஒட்டவைத்துப் பென்சிலை எடுத்தார்.

"தொட்டிய வால்கிட்ட வைக்கலாமா யாராவது? இறக்கைக்கு நேரா நடுவுல வை. மேல ஒரு மூடி போடு. ஓட்டறவன் இங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். "அப்ப பறக்குமா?"

படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பறக்காது."

கிழிக்க நீண்ட அவள் கையைத் தடுத்து, காகிதத்தின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.

"அது மினுக்கனுக்குத் தெரியாதுல்ல? நீ அவன ஏத்தி விடு."