மாப்பிள்ளையின் நாலாவது குளம்பு

"கடிக்கல. சும்மா வாயால தொட்டுப் பார்த்தான்."

"தொட்டுப் பார்த்தவன் வாயில என் சட்டைக் கை பாதி இருக்கே, அண்ணி."

அண்ணி குதிரையின் வாயிலிருந்து துணியைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். ஒளித்து என்ன பயன்? கிழிந்த சட்டையைப் போட்டிருந்தவளே எதிரில் நின்றாள். அவள் நாத்தனார், கால்நடை டாக்டர். அவள் கையிலிருந்த பெட்டிக்குள் கொதிநீரில் போட்டெடுத்த கத்தி இருப்பது லாயத்தில் நின்ற மூவரில் இருவருக்குத் தெரியும். மூன்றாமவன் இரண்டரை வயதுப் பொலிகுதிரை. எந்நேரமும் யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும் என்று விறைப்பாக நிற்பதால் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

மூன்று வாரத்துக்கு முன்பு மாப்பிள்ளை அண்ணியின் கணவருடைய கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்திருந்தான். நாலு தையல். வேறு டாக்டர் அகப்படாததால் தங்கையே போட்டுவிட்டாள். அன்று பேசிய பேச்சு இது: அடுத்த முறை லாடக்காரர் வந்து நாலு குளம்பையும் சீவும்போது இவன் யார் மேலும் வாய் வைக்கக் கூடாது. வைத்தால் அன்றைக்கே காயடிப்பு.

அண்ணி ஒப்புக்கொண்டாள். ஆனால் அவளுக்கு இவனுடைய குட்டிகள் வேண்டும். நெற்றியில் இதே கோணல் வெள்ளைச் சுட்டியோடு அவை ஈரப் புல்லில் கால் இடறி ஓடுவதை, சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். பிறக்காத குட்டிகளில் ஒன்றுக்குப் பெயர்கூட வைத்தாயிற்று.

"லாடக்காரர் நாலு மணிக்கு வருவாரு. இப்ப மணி ஒண்ணு. அதுவரைக்கும் என்ன சொல்லிக் குடுத்தீங்கன்னு காட்டுங்க, பார்ப்போம்."

அண்ணி தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போனாள். மாப்பிள்ளை அவள் காலரைக் கவ்வினான். "பின்னாடி," என்றாள். உடனே விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனான். அவள் கேரட் கொடுத்தாள்.

"எப்படி?" என்று பெருமையோடு திரும்பினாள்.

"இன்னொரு தடவை."

இந்த முறை அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே கவ்வி, அவனே விட்டு, அவனே இரண்டடி பின்னால் போய், கடையில் சாமான் கேட்டுவிட்டு நிற்பவன் மாதிரி முகத்தை நீட்டிக்கொண்டு நின்றான்.

டாக்டர் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"அண்ணி, அவன் பாடத்தைக் கரைச்சுக் குடிச்சிட்டான். முதல்ல கடி, அப்புறம் பின்னாடி போ, அப்புறம் கேரட் வாங்கு. கடிக்காம விட்டா பாவம், அவன் எங்கேருந்து ஆரம்பிப்பான்?"

அண்ணி கையிலிருந்த கேரட்டைப் பார்த்தாள். மூன்று வாரம். காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம்.

"அப்ப கடிக்கிறதுக்கு நானேவா கூலி குடுத்தேன்?"

"குடுத்தீங்க. நேரம் தவறாம."

"சிரிக்காதடி. மூணு மணி நேரம் இருக்கு."

அவள் புதிதாக ஆரம்பித்தாள். பக்கத்தில் சும்மா நின்றாள். அவன் கவ்வினால் ஒன்றும் கிடையாது, சொல்லும் கிடையாது, முகம் சுளிப்பும் கிடையாது. மாப்பிள்ளை தனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் காட்டினான். பின்னால் போனான், தலையாட்டினான், யாரும் கேட்காமலே காலைத் தூக்கினான், பெருமூச்சு விட்டான். கடைசியில் அலுத்துப்போய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

அந்த நொடியே கேரட் வந்தது.

மாப்பிள்ளையின் காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. சந்தேகத்தோடு இன்னொரு முறை ஜன்னலைப் பார்த்தான். இன்னொரு கேரட். நடுவில் இரண்டு முறை பழைய ஞாபகத்தில் காலரைக் கவ்வினாலும், மூன்றரை மணிக்கெல்லாம் அவனைப் போல ஜன்னல் பார்ப்பவன் உலகத்தில் இல்லை.

லாடக்காரர் வந்தார். "என்னம்மா, இன்னிக்காவது என் முதுகு தப்புமா?" என்று கேட்டபடி குனிந்து முதல் குளம்பைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டார். சீவல்கள் பிறை பிறையாக விழுந்தன. மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தான். இரண்டாவது குளம்பு, ஜன்னல். மூன்றாவது, ஜன்னல். அண்ணி மூச்சை இழுத்தாளே தவிர, விட்டதாகத் தெரியவில்லை.

நாலாவது, ஒரு முன்னங்கால். லாடக்காரரின் இடுப்பில் செருகியிருந்த துண்டு, அவர் அரம் தேய்க்கத் தேய்க்க, மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே இப்படியும் அப்படியும் ஆடியது. அவன் ஜன்னலைப் பார்த்தான். துண்டைப் பார்த்தான். பிறகு உதட்டால் அதன் நுனியை மெல்ல, மிக மெல்லக் கவ்வினான்.

டாக்டர் எழுந்துவிட்டாள்.

கேரட் வரவில்லை. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தான். துண்டை விட்டான். ஒன்றும் நடக்காததுபோல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

குனிந்திருந்த லாடக்காரருக்கு எதுவும் தெரியாது. "முடிஞ்சுது," என்று காலைக் கீழே விட்டு நிமிர்ந்தார். "பரவாயில்லையே. மேல் பக்கம் எப்படி, பையன் வாயை வெச்சுக்கிட்டு ஒழுங்கா இருந்தானா?"

டாக்டர் துண்டின் ஈர நுனியைப் பார்த்தாள். பெட்டியின் கொக்கி மேல் அவள் விரல் இருந்தது.

அண்ணி அவள் பக்கத்தில் வந்து, கிழிந்த சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, குதிரைக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்:

"இருந்தான்னு சொல்லேன்."